உட்காரும், ஓடாது

என் மேசை இழுப்பறையில் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பழைய புராசஸர் பல வருடம் கிடந்தது. அதன் முதுகில் நீளமான எண், கடைசியில் ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் 8. அந்த எட்டைக் கண்டுபிடித்தது நானல்ல, என் நாத்தனார்.

எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் தட்டச்சு வேலைக்கென்று ஒரு கணினி வைத்திருந்தேன். எங்கள் சனம் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கு வீடு கேட்டு எழுதிய மனு, பெயர்கள், அடையாள அட்டை எண்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். புதன்கிழமை மதர்போர்டு செத்துப்போனது. இன்னொரு பிரதி எடுத்து வைக்காத என் புத்தியை என்னவென்று சொல்ல!

கணினிக் கடை முதலாளியான சீனத் தவுக்கே, புராசஸர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். வேறொரு மதர்போர்டை எடுத்து வந்து, பழையதையே இதில் மாட்டிக்கொள்ளலாம், "போலே, போலே" என்றார். முடியும் என்பதற்கு மலாயில் அந்த ஒரு சொல் போதும். எங்கள் ஊரில் அதைக் கேட்டாலே மனம் குளிர்ந்துவிடும். எனக்கும் குளிர்ந்தது.

கூட வந்திருந்த நாத்தனாருக்குக் குளிரவில்லை. பால்மரம் வெட்டப் போகாமல் தோட்டத்திலிருந்து ஃபேக்டரி பஸ் ஏறியவள் அவள். பத்து வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சில்லுகளைச் சோதித்தவள். புராசஸரை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தாள். பிறகு போர்டின் வேகத்தைத் தீர்மானிக்கும் சின்ன உலோக டப்பியைக் குனிந்து பார்த்தாள். அதில் 24 என்று இருந்தது.

"இதுல பாதிதான் ஓட்டம், அண்ணி. இருபத்து நாலுன்னா பன்னெண்டு. நம்மளுது எட்டுக்குத்தான் செஞ்சது. உட்காரும்லா, ஓடாது."

எனக்கோ வெள்ளிக்கிழமை பயம். "ஃபேக்டரியில தட்டு அடுக்குறவளுக்குத் தவுக்கேயவிடத் தெரியுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. மாட்டிக் காட்டச் சொல்லித் தவுக்கேயிடம் மலாயில் மரியாதையாகக் கேட்டாள்.

மாட்டினார். திரையில் எண்கள் ஓடின, பாதியிலேயே நின்றன. மறுபடி போட்டார், மறுபடியும் நின்றன. உள்ளே போய்த் தூசி படிந்த பழைய போர்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் டப்பியில் 16. இந்த முறை அவள் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் மாட்டினார். மனு வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்தது. அதனால் கிடைத்த வீடுகளில் ஒன்றில்தான் நாத்தனார் இன்றும் இருக்கிறாள்.

எவ்வளவு பெரிய மனசு அவளுக்கு! நான் சொன்னதைப் பற்றி அன்றும் பிறகும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கௌரவம் பார்த்தேன், வேறென்ன.

இப்போது எது எதற்குச் சேரும் என்று கைப்பேசியே சொல்லிவிடுகிறது. போன மாதம் அந்தப் புராசஸரை எடுத்துப் போய் அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவளுக்குப் பார்வை மிகவும் மங்கிவிட்டது. கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "எட்டுதானே அண்ணி?" என்றாள். எட்டுத்தான் என்றேன். பிறகு, என்னை மன்னித்துவிடு என்றேன், எதற்கென்று சொல்லாமல்.

"மொத ரெண்டு வருஷம் தட்டுதான் அடுக்கினேன், அண்ணி" என்று சிரித்தாள்.

புராசஸரை அவள் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.