ஃபெடோசியாவின் பழைய ரைஃபிள்

அலாஸ்காவின் கோடியாக் தீவில் துப்பாக்கி வாங்குகிறவர்கள் கடைக்காரரைக் கேட்பதற்கு முன் ஃபெடோசியாவைத்தான் கேட்பார்கள். ஐம்பத்தெட்டு வயது, மீன் தொழிற்சாலையில் சால்மன் அறுக்கிறவள். முப்பது வருடமாக ஒரே ரைஃபிள், கட்டையில் டேப் சுற்றியது. கரடிக்கு எது நல்லது என்று கேட்டால், "மேட்டுல ஓடிட்டு வந்து, மூச்சு வாங்கும்போது சுட்டுப் பாரு. எதுல குறி தப்பலையோ அதை வாங்கு" என்பாள்.

மருமகன் கோல்பி டெக்சாஸ்காரன். யாரையும் கேட்காமல் பெரிய மேக்னம் துப்பாக்கி ஒன்றை, முழநீளத் தொலைநோக்கியோடு வாங்கிவந்தான்.

"என்ன மாப்ளே, கப்பலைக் கவுக்கப் போறியா?"

"கரடி வந்தா உங்க கம்பு தாங்காது அத்தே."

நவம்பரில் இருவரும் மான் வேட்டைக்குப் படகேறினார்கள். ஆறு மாத வயிற்றோடு கரையில் நின்ற மகள் லாரிசா, "அவரைப் பத்திரமா கூட்டிட்டு வாம்மா" என்றாள்.

கோல்பி ஒரே வெடியில் தூரத்து மானை வீழ்த்தினான். அங்கே வெடிச்சத்தம் கேட்டாலே கரடிக்குச் சாப்பாட்டு நேரம். அதனால் ஒருவர் அறுப்பார், மற்றவர் கறியைப் பார்க்காமல் புதரைப் பார்த்து நிற்பார். ஃபெடோசியா ரைஃபிளை மடியில் வைத்து அறுக்க உட்கார்ந்தாள்.

"தொலைநோக்கியோட பெருக்கத்தக் குறைச்சிட்டியா? கிட்ட வந்தா ஒண்ணும் தெரியாது."

"ம்ம்."

எங்கே குறைத்தான்! புதர் விலகியது. கோல்பி கண்ணை வைத்துப் பார்த்து அலறினான்: "அத்தே, வெறும் முடிதான் தெரியுது!"

பத்தடியில் கரடி எழுந்து நின்றது. அடேயப்பா, என்ன உயரம்! நனைந்த உடம்பிலிருந்து ஆவி பறந்தது. ஃபெடோசியா ரைஃபிளோடு எழுந்தாள். பயத்திலும் சிலுவை போட்டுக்கொள்ளக் கை துடித்தது. இப்படியும் ஒரு உயிரா!

"மாப்ளே, ஓடாதே. என் பின்னால வா." பிறகு கரடியிடம், "மான் உனக்குத்தான் ராசா, எடுத்துக்கோ. இவன் எங்க வீட்டுப் பிள்ளை" என்றாள்.

இருவரும் அடிமேல் அடியாகப் பின்வாங்கினார்கள். கரடி நாலு காலில் இறங்கி மான்மேல் கை வைத்தது.

வீடு திரும்பியதும், "கறி எங்கே?" என்றாள் லாரிசா.

"பெரியவர் ஒருத்தர் கேட்டார். குடுத்துட்டோம்" என்றான் கோல்பி.

ரைஃபிளைத் துடைத்துக்கொண்டிருந்த ஃபெடோசியாவின் விரல் நின்றது. பாதுகாப்புப் பூட்டு போட்டபடியே இருந்தது. அவள் அதை எடுக்கவே இல்லை. அங்கே விசையை அழுத்தியிருந்தால் வெடித்திருக்காது. ரைஃபிளை மருமகன் பக்கம் நீட்டினாள்.

"மாப்ளே, இதைப் பாரு."

கோல்பி பார்த்தான். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அத்தே."

"நான் சொல்லுவேன்டா. எந்தத் துப்பாக்கின்னு கேட்டு வர்றவன்கிட்ட இனிமே முதல்ல இதைத்தான் சொல்லுவேன்."