ஆறு புருஷன் உயரப் பாய்மரம்

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி அக்காவுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் எடுப்பாக இருப்பதால் வந்த பெயர் இல்லை. பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்வது அவருடைய வேலை. மெழுகில் ஈறு செதுக்கி, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, அரத்தால் ராவி ராவிப் பொருத்துவார். நம்மோடு பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். அவரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு முறை கண்ணாடி முன்னால் நின்று இளித்துப் பார்த்துக்கொள்வார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

அக்கா ஐந்தடிக்கும் குறைவு. கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவரை டிரைவர் அண்ணன் என்போம். ஒரே மகள், வேலை கிடைத்து வேறு ஊரில் இருக்கிறாள்.

போன வருஷம் மருத்துவமனையை இடித்துக் கட்டுகிறோம் என்று இரண்டு மாதம் பூட்டிவிட்டார்கள். அக்காவுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. நாமாக இருந்தால் காலை நீட்டிப் படுத்திருப்போம். அக்கா முதல் வாரமே வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்து முடித்தார். அடுத்து, டீ கோப்பைகளின் விளிம்பு சொரசொரவென்று இருப்பதாகச் சொல்லி அரத்தை எடுத்துவிட்டார். அண்ணன் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"உன் கைக்கு ஏதாவது வேலை குடு. இல்லன்னா நான் தூங்கும்போது என் மூக்க ராவிடுவ."

அந்தச் சுத்தம் செய்கிற வேகத்தில்தான் சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோ கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு கடலோர ஊருக்குப் போய்ப் பாய்மரப் படகில் சவாரி செய்திருக்கிறார்கள். திரும்பி வந்ததும் அண்ணனை மட்டும் படகிலேயே நிற்க வைத்து, அக்கா துறையிலிருந்து எடுத்த படம் அது. அண்ணன் வெறுங்காலோடு பாய்மரத்தில் சாய்ந்து நிற்கிறார். உச்சி வரை மரம் தெரிகிறது.

கண்ணாடிச் சில் ஏதும் படத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, அக்கா வேலை செய்யும்போது தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏங்க, இந்தப் படகுல இவ்ளோ கயிறா இருந்துச்சு?"

"என்னைப் பாரு. எவ்ளோ முடி இருந்துச்சுன்னு பாரு."

அக்கா முடியைப் பார்க்கவில்லை. கயிறு எங்கே கட்டியிருக்கிறது, எந்தக் கப்பி வழியாக ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனார். மறுநாள் காலை எழுதுபொருள் கடைக்குப் போய் மர ஸ்கேல்களைக் கட்டுக் கட்டாக வாங்கினார். கடைக்காரர், "பள்ளிக்கூடம் ஏதாவது ஆரம்பிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டாராம். "படகு" என்று அக்கா ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் அதற்குப் பிறகு எங்களிடம்தான் விசாரித்தார்.

படகு செய்ய அளவு வேண்டும். நீளத்தில் சிக்கல் இல்லை. அந்தப் படகோட்டி சவாரி முழுக்க, "நாப்பது அடி, மூக்குலருந்து வால் வரைக்கும் நாப்பது அடி" என்று சொல்லிக்கொண்டே வந்தது இருவருக்கும் நினைவிருந்தது. அடிக்கு அரை அங்குலம் என்று வைத்தால் இருபது அங்குலப் படகு. சாப்பாட்டு மேசையில் உட்காரும். பாய்மரத்தின் உயரம்தான் தெரியவில்லை. அக்கா காம்பஸை எடுத்து, படத்தில் அண்ணனின் உள்ளங்காலில் ஒரு முனையும் உச்சந்தலையில் ஒரு முனையும் வைத்தார். அப்படியே மரத்தின் மேல் நடத்திக்கொண்டு போனார். சரியாக ஆறு.

"ஆறு புருஷன் உயரம்," என்றார். "உங்க உயரம் எவ்ளோ?"

"அஞ்சடி பத்து." யோசிக்காமல் சொன்னார் அண்ணன்.

அப்படியானால் முப்பத்தைந்து அடி. மாதிரியில் பதினேழரை அங்குலம். அக்கா திரைச்சீலை மாட்டியிருந்த கம்பைக் கழற்றி அளந்து வெட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜன்னலுக்குத் திரை கிடையாது.

அடுத்த சில வாரங்கள் அந்த வீட்டில் சாப்பாடு மடியில்தான். மேசை முழுக்கப் படகு. பழைய மேசை இழுப்பறை ஒன்றின் அடிப்பலகையை அறுத்து விலாக்கட்டைகள் செய்தார். ஸ்கேல்களை மெல்லிய பட்டைகளாகக் கீறி, உப்புத்தாளால் எண்களைத் தேய்த்து அழித்து, வெந்நீரில் ஊறவைத்து, பால் பாத்திரத்தைச் சுற்றி வளைத்தார். முதல் பட்டை பட்டென்று முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. வளைய ஆரம்பித்த பிறகு வேறு தொல்லை. நடுவில் ஒழுங்காக உட்காரும் பட்டைகள், படகின் மூக்குப் பக்கம் போகப் போக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அக்கா ஒரு நாள் முழுக்க அதை முறைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பட்டையின் நுனியையும் ஒடுக்கமாகச் சீவ ஆரம்பித்தார்.

"பல்லு மாதிரிதான் இதுவும்," என்று என்னிடம் சொன்னார். "கடவாய்ப்பல் அகலத்துக்கே முன்பல்லையும் வெச்சா இடம் எங்க பத்தும்?"

பசை காயும்வரை பட்டைகளை அழுத்திப் பிடிக்கத் துணி கிளிப்புகள். வீட்டிலிருந்த கிளிப் எல்லாம் படகுக்குப் போய்விட்டதால் அண்ணனின் சீருடை கொடியில் பிடியில்லாமல் கிடந்து, காற்றடித்த ஒரு மத்தியானம் இரண்டாம் மாடியில் என் வீட்டு பால்கனியில் வந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அப்படித்தான் எனக்கு இந்தக் கதையில் தினசரி இடம் கிடைத்தது.

நான் போன அன்று அக்காவின் முகம் வாடியிருந்தது. ஒரு பக்கத்துப் பலகைகளை முழுக்க ஒட்டி முடித்துவிட்டுத்தான் மறு பக்கத்தைத் தொட்டிருக்கிறார். ஒட்டிய பக்கம் இழுத்து, படகே வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. "ஒரு பக்கமாவே மென்னா தாடை கோணிக்கும்னு ஊருக்கெல்லாம் சொல்றேன். எனக்குப் புத்தி வேணாமா?" என்றார். பிறகு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அண்ணன் புது கிளிப்புகள் வாங்கி வந்தார். பாதியைக் கொடிக்கு ஒளித்து வைத்துக்கொண்டார்.

கப்பிகளைப் பார்த்தபோதுதான் எனக்கு வாய் பிளந்தது. உளுந்து அளவுதான் ஒவ்வொன்றும். பல் துளைக்கும் கருவியால் ஓட்டை போட்டு, அதற்குள் நூல் ஓடியது. நூலை இழுத்தால் பாய் ஏறியது. விட்டால் இறங்கியது. பாய் அண்ணனின் பழைய வெள்ளைச் சட்டை. டீத்தண்ணியில் நனைத்துப் பழுப்பேற்றியிருந்தார்.

மருத்துவமனை திறக்கப் பத்து நாள் இருக்கையில் படகு முடிந்தது. மகள் வந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றி வந்து, "அம்மா, இத அந்தப் படகுக்காரருக்குக் காட்டணும்மா. அந்தப் படகு இன்னும் இருக்கான்னு பாக்கலாம்," என்றாள். என்னையும் கூப்பிட்டார்கள். சும்மாவா விடுவேன்?

பேருந்தில் படகுக்குத் தனி இருக்கைச் சீட்டு வாங்கினோம். அண்ணன் வழி முழுக்க முன்னால் எட்டிப் பார்த்து, "இவன் கியர் போடறதப் பாரு, மாவாட்டுறான்," என்று புலம்பிக்கொண்டே வந்தார். மகள் அவர் வாயில் ஆரஞ்சுச் சுளையைத் திணித்துக்கொண்டே இருந்தாள்.

படகு இருந்தது. பச்சை வண்ணம் நீலமாகியிருந்தது, அவ்வளவுதான். படகோட்டியும் இருந்தார். தாடி நரைத்து, மேல்வரிசையில் முன்பல் இரண்டும் போய், அந்தச் சந்து வழியாக விசில் அடித்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் பார்வை போன இடத்தை நான் கவனித்தேன். மகளும் கவனித்தாள். "அம்மா, முதல்ல படகு," என்று காதில் சொன்னாள்.

பெட்டியைத் திறந்ததும் படகோட்டி தரையில் உட்கார்ந்துவிட்டார். சுக்கானை ஒரு விரலால் ஆட்டினார். பாயை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். "இந்தக் கயிறு இங்கதான் கட்டுவோம்னு எப்படித் தங்கச்சி தெரிஞ்சுது?" என்று கேட்டார். பிறகு தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எதையோ சொல்ல வந்து விழுங்கினார்.

"என்னண்ணே? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"எல்லாம் அப்படியே இருக்கு. மரம் மட்டும் கொஞ்சம் நெட்டையா தெரியுது."

"மரத்த மாத்திட்டீங்களா?"

"மாத்தறதா? எங்கப்பா நட்ட மரம். வருஷா வருஷம் நான்தான் ஏறி எண்ணெய் பூசறேன்."

அக்கா கயிறு கேட்டார். படகோட்டி கயிற்றின் ஒரு முனையை உச்சிக்கு ஏற்ற, அக்கா மறு முனையைத் தளத்தோடு இழுத்துப் பிடித்தார். கயிற்றை இறக்கித் துறையில் நீட்டிப் போட்டு அளந்தார்கள். முப்பத்து மூன்று அடி.

அக்கா உதடு அசையக் கணக்குப் போட்டார். முப்பத்து மூன்றை ஆறால் வகுப்பது பெரிய வித்தை இல்லை. நானும் போட்டுவிட்டேன். மகளும் போட்டுவிட்டாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"ஏங்க. இங்க வாங்க. மரத்துல சாஞ்சு நில்லுங்க."

"வெயிலா இருக்கு."

"செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க."

நின்றார். குதிகாலை லேசாக உயர்த்தினார். மகள் அதைத் தட்டி இறக்கினாள். அக்காவுக்கு எட்டவில்லை என்பதால் படகோட்டிதான் தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டார். அளந்தால் ஐந்தடி ஆறு.

"இத்தன வருஷமா அஞ்சடி பத்துன்னு சொன்னீங்களே!"

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நீதான் காரணம். கல்யாணத்துக்கு முன்னாடி தினம் என் பஸ்லதானே வேலைக்குப் போவ. முன் சீட்டுல உக்காந்து உன் கூட்டாளிகிட்ட சொன்ன, அஞ்சடி பத்துக்குக் கீழ இருக்கற எவனையும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்னு. நான் ஸ்டீரிங் முன்னாடி உக்காந்திருந்தேன். உக்காந்திருக்கறவன் உயரம் யாருக்குத் தெரியும்? அப்புறம் நீ கேட்டப்ப அதையே சொல்லிட்டேன். ஏத்துனத இறக்க முடியல."

"நான் அப்படியா சொன்னேன்?"

"சிரிச்சுக்கிட்டே சொன்ன."

அக்காவுக்கு அது சுத்தமாக நினைவில்லை. "எனக்குக் கீழருந்து பாத்தா எல்லாருமே நெட்டைதான்," என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. துறையின் கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். படகோட்டிக்கு விஷயம் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் அவரும் சிரித்தார், ஆனால் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

அக்கா சிரிப்பை நிறுத்தினார். "கைய எடுங்கண்ணே. வாயத் திறங்க."

ஊர் திரும்பியதும் பாய்மரத்தைக் கழற்றி ஒரு அங்குலம் அறுத்தார். அப்படியே விட்டுவிடும்படி மகள் கெஞ்சியும் கேட்கவில்லை. பாயையும் கத்தரித்துத் திரும்ப மடித்துத் தைத்தார். மரம் குட்டையானதும் படகு பார்க்க இன்னும் லட்சணமாகிவிட்டது என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

மருத்துவமனை திறந்த முதல் வாரமே படகோட்டி எங்கள் ஊருக்கு வந்து பல் கட்ட வாய் அச்சு கொடுத்துவிட்டுப் போனார். பல் தயாரானதும் அக்காவே எடுத்துக்கொண்டு போனார், நாங்களும் கூடப் போனோம். மாட்டிக்கொண்டதும் மனிதருக்குப் பத்து வயது குறைந்தது. அக்காவிடம் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஆனால் சவாரிக்கு ஆள் கூப்பிட விசில் அடித்தபோது வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி அடித்தார். எச்சில் தெறித்தது. சந்து அடைபட்டதும் விசிலும் போய்விட்டது.

"பல்லு வேணாம் தங்கச்சி. விசில் இல்லாம தொழில் எப்படிப் பண்றது?"

அக்கா பையிலிருந்து அரத்தையும் தலைக் கண்ணாடியையும் எடுத்தார். துறைக் கல்லிலேயே உட்கார்ந்து, இரண்டு பல்லுக்கும் நடுவில் மயிரிழை அளவு ராவினார். மாட்டச் சொன்னார், ஊதச் சொன்னார், கழற்றச் சொன்னார், மறுபடி ராவினார். அண்ணன் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் இடது பக்கம்," என்று யோசனை சொல்லி அதட்டல் வாங்கினார்.

எத்தனையாவது தடவையோ தெரியாது, கூரான ஒரு விசில் கிளம்பித் துறை முழுக்கப் போனது. டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்து சவாரிக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். படகோட்டி, "மூக்குலருந்து வால் வரைக்கும் நாப்பது அடி," என்று ஆரம்பித்தார். அவர்களை ஏற்றிக்கொண்ட பிறகு எங்களையும் ஏறச் சொன்னார். அக்கா கடைசியாக ஏறி, நேராகப் பின்பக்கம் போய், ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது போட்டோல இல்லையே," என்றார். "இது எதுக்கு?"