ஏப்ரல் சந்தா

2004 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு மோட்டார் போட்டேன். பால் காய்ச்சி, காபி குடித்து, இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டுப் பேப்பரை முழுக்கப் படித்தேன். பத்து மணிக்குக் காலனி நலச்சங்கக் கூட்டம், பொருளாளர் வீட்டு மொட்டைமாடியில். தாம்பரம் கிழக்கில் எங்கள் காலனி ஏரிப் பக்கம் சரிந்து இறங்கும். அவர் வீடு மேட்டு முனையில், என் வீடும் மேட்டுத் தெருவில்தான்.

கடைசித் தெருவில், பள்ளத்தில் இருப்பவள் என் தோழி. கீழ்த்தளத்தில் தையல் மெஷின்கள் போட்டுப் பிழைக்கும் முஸ்லிம் குடும்பம். மழைக்காலத்தில் காலனித் தண்ணீர் முழுக்க அவள் கூடத்துக்குத்தான் வரும். உறுப்பினர்களிடமே கடன் வாங்கி இந்த வருஷமே கால்வாய் கட்டலாம், சந்தாவிலிருந்து மூன்று வருஷத்தில் அடைக்கலாம் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். கூட்டத்தில் அது இரண்டாவதாக இருந்தது. முதலாவதாகப் பொருளாளரின் தீர்மானம்: எந்த வருஷமும் செலவு வரவைத் தாண்டக் கூடாது, சங்கம் கடன் வாங்கக் கூடாது.

எனக்கு அந்த வரிசையே பிடிக்கவில்லை.

அவர் தணிக்கை வேலையில் ஓய்வு பெற்றவர். "அரசாங்கங்கள் கடனிலேயே ஓடுது. டெல்லியில இதுக்குச் சட்டம் போட்டாச்சு. ஆனா சட்டத்தை யாரும் மாத்திடலாம். அரசியல் சாசனத்துலயே எழுதணும். நம்ம சாசனம் நம்ம விதிமுறை. நாமளாவது ஆரம்பிப்போம்" என்றார். கை தட்டினார்கள்.

"அரசாங்கம் கடன் வாங்காம எந்தப் பாலம் சார் கட்டிச்சு?" என்றேன்.

"நாம பாலமா மேடம் கட்டப் போறோம்?"

"கால்வாய்."

"அவசரம்னா விதிவிலக்கு இருக்கு. கமிட்டி முடிவு பண்ணும்."

தோழி எழுந்தாள். "எது சார் அவசரம்?"

"தண்ணி உள்ள வந்துட்டா அவசரம்தாம்மா."

"அப்ப முட்டி அளவு தண்ணியில நின்னுகிட்டுத் தீர்மானம் போடுவீங்களா? எனக்கும் சேர்த்து ஒரு நாற்காலி எடுத்துட்டு வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களே கையும் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. அவள் மனுவை வாசிக்காமலே விட்டார்கள்.

பிறகு எலுமிச்சை சாதம். தொன்னையை நீட்டியபடியே பொருளாளர், "ஏப்ரல் சந்தாவை வழக்கம்போல இந்த மாசமே கொடுத்துடுங்க மேடம்" என்றார். வருஷாவருஷம் கேட்பதுதான், நானும் யோசிக்காமல் கொடுத்து வந்ததுதான். அன்றைக்குச் சாதம் வாயில் இருக்கும்போதே உறைத்தது. மார்ச்சோடு கணக்கு முடிகிறது. ஏப்ரல் பணம் மார்ச்சில் வந்தால்தான் அவர் பெருமைப்படும் "பற்றாக்குறை இல்லாத சங்கம்". போன வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கும். அதற்கு முந்தைய வருஷமும்.

தெருமுனை வரை தோழியோடு நடந்தேன். சொன்னேன்.

"அப்ப நாம ஏப்ரல்லயே கொடுத்தா?"

"துண்டு விழும். இன்னைக்குப் போட்ட விதி இந்த மாசமே உடையும். மறுபடி கூட்டம் கூட்டித்தான் ஆகணும்."

"ரெண்டு வீட்டுப் பணத்துலயா உடையப் போகுது அக்கா?"

அது எனக்கும் தெரியவில்லை. "எங்க தெருவுல பேசிப் பாக்கறேன்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. மேட்டுத் தெருக்காரி ஒருத்தி எதற்கு இவ்வளவு அக்கறைப்படுகிறாள் என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை, மோட்டார் போடுவதற்கும் முன்னால், எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.