ஒரு கட்டைவிரல், இரண்டு ஊசி

என் தங்கை தன் வாழ்க்கையில் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். இவற்றில் எதற்கும் எனக்குத் தேதி நினைவில்லை. ஊகமாக எதையும் போடவில்லை.

நான்கு வயதில் மழைத்தண்ணீர் அவளைக் கால்வாய்க்குள் இழுத்துக்கொண்டு போனது. பாலத்தடியில் துருத்திக்கொண்டிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்கள் வரும்வரை விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்பவில்லை. நான் எட்டாம் வகுப்பு வரை போனேன், அவள் படுக்கையில் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினொரு வேலைக்கு முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள். ஈரமான இரட்டைக் கட்டில் விரிப்பைத் தரையில் படாமல் தனியாளாக மடித்துக் காட்டி உள்ளே போனாள். விட்டுப்போன கணவனின் வீட்டுக்குப் போய்த் தன் தையல் மெஷினைத் தலையில் வைத்துத் திருப்பிக்கொண்டு வந்தாள். மடிப்பு அறைப் பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று இரண்டு வருடம் சண்டை போட்டு ஆறு நாற்காலி வாங்கினாள். தொழிலாளர் விளையாட்டு நாளில் கயிறு இழுக்கும் போட்டியில், கொதிகலன் அறை ஆண்களை மடிப்பு அறைப் பெண்கள் இழுத்துப்போட்டார்கள். முன்வரிசையில் நின்றது இவள்தான்.

இவை எல்லாம் எனக்குத் தெரிந்து நடந்தவை. எனக்குத் தெரியாமல் அவள் செய்த ஒன்றும் உண்டு.

சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு மூலை. உதறி, சேர்த்து, நெருங்கி வந்து, மூலையைக் கைமாற்றி, மறுபடி விலக வேண்டும். என் தங்கையும் அவளுடைய ஜோடியும் ஒரு மணி நேரத்தில் நூற்று முப்பத்தெட்டு விரிப்பு மடிப்பார்கள். அந்த வேகத்துக்காக என் தங்கைக்கு ரயில் என்று பெயர். ஜோடிக்குக் குருவி என்று பெயர். ஒல்லியான, படபடப்பான பெண். பதினான்கு வருடமாக இவர்கள்தான் ஜோடி.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஜோடியில் யார் முதலில் வருகிறாரோ அவர் இரண்டு பேருக்கும் வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்துவிடுவார். குருவிக்கு பஸ் மாறி வர வேண்டும். அதனால் பெரும்பாலும் என் தங்கைதான் வைப்பாள். யாரும் கண்டுபிடிக்க முடியாது. வெளுக்கும் மருந்தும் சூட்டுத்துணியும் பட்டுப்பட்டு அங்கே எல்லோருடைய கட்டைவிரலும் தேய்ந்துவிட்டது. மையில் தொட்டு வைத்தால் நீலமாக ஒரு தீற்றல் விழும், அவ்வளவுதான். மேற்பார்வையாளர், விசில் என்று அவர்கள் பெயர் வைத்திருந்த மனிதர், கட்டம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

பெருந்தொற்றின் இரண்டாம் வருடம், மே மாதம், ஆஸ்பத்திரி ஓர் உத்தரவு போட்டது. சலவைக்கூடத்து ஆட்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். போடாதவர்களுக்கு ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து உள்ளே இடமில்லை. மே 26, புதன்கிழமை, சாமான் அறையைக் காலிசெய்து அங்கேயே ஊசி போட்டார்கள். ஆளுக்கு ஓர் அட்டை. அதில் படம் கிடையாது. பெயர், எண், கைநாட்டு.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் லாரிகளை நிறுத்தி எடைபோடும் எடைமேடையில் எழுத்தர். வேலைக்குப் போகும் வழியில் அவளை என் ஸ்கூட்டரில் இறக்கிவிடுவது வழக்கம். அன்று அவள் பாயிலேயே கிடந்தாள். உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டர் வைத்தேன், நூற்று மூன்று. ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள், அதனால் நான் பதறவில்லை. மாத்திரை கொடுக்க அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். இடது கையில் சின்னப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சுவரில் சாய்க்க வலது கையைப் பிடித்தேன். "ஐயோ" என்றாள்.

வலது கையிலும் ஒரு பிளாஸ்திரி இருந்தது.

"இது என்ன?"

அவள் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"ரெண்டு கையிலயும் எதுக்குப் போட்டாங்க?"

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு குருவிக்கு."

எனக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை சொல்லச் சொன்னேன். அதே வார்த்தையைத்தான் சொன்னாள்.

காலையில் தன் அட்டையைக் கொடுத்து இடது கையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். மத்தியானம் நர்ஸ் மாறிய பிறகு, குருவியின் அட்டையை எடுத்துக்கொண்டு போய் வலது கையை நீட்டியிருக்கிறாள். தொப்பி, முகக்கவசம், பச்சை அங்கி. அங்கே எல்லோரும் ஒரே மாதிரிதான். கைநாட்டும் இவளே வைத்திருக்கிறாள்.

"உனக்கு மூளை இருக்கா? அது என்ன காப்பியா, அவளுதையும் சேர்த்துக் குடிக்க?"

"அவ ஊசின்னா செத்துடுவா அண்ணா. அவ புருஷன் ஊசி போட்ட ரெண்டாவது மணி நேரத்துல போயிட்டாரு. அவ மடியிலதான் போனாரு. சாமான் ரூம் வாசல்வரைக்கும் வந்தா. கால் மடங்கிக் கீழ உட்கார்ந்துட்டா. ஒண்ணாம் தேதிக்கு மேல வேலை இல்லன்னா அவளும் அவ பொண்ணும் எங்க போவாங்க?"

"அதுக்கு நீ?"

"தினமும் அவளுக்கு ஆஜர் போடுறவ நான்தானே. அது மாதிரிதான் நெனைச்சேன்."

அவளை எங்கள் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். "ஒரே நாள்ல ரெண்டா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தான் போட்டுவிட்டது போல. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மூச்சு முட்டினால் உடனே ஓடி வர வேண்டும், தன்னைக் கேட்காமல் அடுத்த ஊசி போடக் கூடாது என்றார். ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்.

"சொல்லாத அண்ணா" என்றாள் தங்கை, வெளியே வந்ததும். "ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

நான் சொல்லவில்லை. மூன்று நாள் விடுப்பு எடுத்து இரண்டு மணிக்கு ஒருமுறை அவள் காய்ச்சலைக் குறித்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொண்ணூற்றெட்டரை. இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று நாளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

மே 31, திங்கள்கிழமை, காலை ஏழு நாற்பதுக்கு அவளைச் சலவைக்கூட வாசலில் இறக்கினேன். இன்னும் தள்ளாட்டம் இருந்ததால் வாசல் அறைவரை கூடவே போனேன். விசில், நெற்றியில் சூடு பார்க்கும் கருவியோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா ரயில். தண்டவாளத்துக்கு வந்துட்டியா?"

"வந்துட்டேன் சார். குருவி எங்க, காணோம்?"

"அவ மஞ்சப் பை ரூம்ல. வியாழக்கிழமையிலேர்ந்து அங்கதான். நீயும் இன்னிக்கு அங்க போ."

மஞ்சள் பை என்றால் தொற்று வார்டில் இருந்து வரும் துணி. நோயாளிகள் இருமிய விரிப்பு, தலையணை உறை, எல்லாம் அதில்தான் கட்டி வரும். அதைப் பிரித்துப் போடும் அறைக்குள் அதுவரை மூடி மறைத்துக்கொண்டு இரண்டு ஆண்கள் மட்டும் போவார்கள்.

"அங்க எதுக்கு சார் அவ?" என்றாள் தங்கை.

"புது உத்தரவு. ஊசி போட்டவங்கதான் மஞ்சப் பையைத் தொடணும். அவதான் போட்டுட்டாளே, அட்டையில சீல் இருக்கே."

நான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குக் காய்ச்சல் அடித்தபோதுகூட முகம் அப்படி வெளுக்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி என்று விரல் விட்டு எண்ணினேன். நான் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த அதே நாட்கள்.

"சார், அவளை வெளிய கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"அவளுக்கு ஊசி போடல."

"சீல் இருக்கும்மா."

"சீல் அட்டையில இருக்கு. ஊசி இதுல இருக்கு" என்று இரண்டு சட்டைக்கையையும் தோள்வரை தூக்கிக் காட்டினாள். இடது கையில் ஒரு சிவப்பு வட்டம், வலது கையில் ஒரு சிவப்பு வட்டம்.

அவர் வாய்க்குக் கொண்டுபோன விசில் கைநழுவிக் கயிற்றில் தொங்கியது. அதை ஊத வேண்டிய மனிதர் கையைத் தட்டி ஆளைக் கூப்பிட்டார்.

குருவி வெளியே வந்தாள். கையுறை முழங்கை வரை இருந்தது. முகக்கவசம் மூக்குக்குக் கீழே நழுவியிருந்தது.

"ஏண்டி சொன்ன?" என்றாள் குருவி. "இன்னும் நாலு நாள்ல அந்த ரூமுக்கு வேற ஆளைப் போட்டிருப்பாங்களே!"

"பேசாத. மூக்கை மூடு முதல்ல."

"போச்சு. ரெண்டு பேர் சோத்துலயும் மண்ணைப் போட்டுட்ட."

"மண்ணுக்குள்ள நீ போறதுக்கு இது தேவலைடி" என்று என் தங்கை கத்தினாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அம்மா போனபோதுகூட அழவில்லை.

சத்தம் கேட்டு மேனேஜர் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். விவரம் கேட்டார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து, "இதுல யார் விரல் யாரோடது?" என்று கேட்டார்.

அப்போது இஸ்திரி உருளைப் பக்கமிருந்து ஒரு வயதான அம்மா கையைத் தூக்கினார். "நானும் என் ஜோடிக்குச் சேர்த்துப் போட்டுக்கிட்டேன் மேடம். ராத்திரியெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு." அவருக்குப் பின்னால் இன்னொரு கை. அதற்கும் பின்னால் இன்னொன்று.

மொத்தம் நான்கு பேர் இரண்டு ஊசி போட்டிருந்தார்கள். நான்கு பேர் ஊசியே போடாமல் சீல் வாங்கியிருந்தார்கள். குருவி போக மற்ற மூன்று பேரும் அந்த நிமிடம் மஞ்சள் பை அறையில் இருந்தார்கள். மேனேஜர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் தங்கை சண்டை போட்டு வாங்கிய நாற்காலிகளில் அது ஒன்று.

அன்றே எட்டுப் பேருக்கும் பரிசோதனை. மாலைக்குள் தீர்ப்பும் வந்தது. யாரையும் ஒரேயடியாக அனுப்பவில்லை, தாங்களாகவே வந்து சொன்னதால். பதினைந்து நாள் வேலை கிடையாது. உண்மையில் ஊசி போடாதவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். ஜூன் 16 முதல் சலவைக்கூடத்தில் கைநாட்டு செல்லாது. ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். என் தங்கைக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

இரண்டு நாள் கழித்துக் குருவியின் முடிவு வந்தது. தொற்று இல்லை. அதை நம்ப முடியாமல் நான் மூன்று முறை படித்துக் காட்டினேன். என் தங்கையின் பெயரும் குறித்துக்கொள்ளப்பட்டது, அவளுக்கு அடுத்த ஊசி எப்போது என்பதை டாக்டர்கள் சொல்வார்கள் என்று.

ஜூன் 3, வியாழக்கிழமை, குருவியை ஊசி போடக் கூட்டிப்போனோம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், கழிவறைக்கு என்று போய் வெளிவாசலில் நின்றாள். நர்ஸ், "நான் என்ன கத்தியா வெச்சிருக்கேன்?" என்று சலித்துக்கொண்டார்.

என் தங்கை பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். ஒரு பக்கத்து மூலைகளை எடுத்துக் குருவியின் கையில் திணித்தாள்.

"பிடி. உதறு."

பதினான்கு வருடப் பழக்கம். மூலை கைக்கு வந்ததும் குருவியின் கை தானாக உதறியது. சேர்த்தார்கள், நெருங்கினார்கள், விலகினார்கள். நர்ஸ் பக்கத்தில் போய் நின்றார். "அப்படியே இழுத்துப் பிடி, விடாத" என்றாள் தங்கை. குருவி இழுத்துப் பிடித்தாள். ஊசி போய் வந்துவிட்டது.

"போட்டாச்சா?" என்றாள் குருவி.

"போட்டாச்சு."

"மடிப்பு கோணலாப் போச்சேடி."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்கள். குருவி எழவில்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. பத்து ஐந்துக்கு ஊசி போட்டார்கள். பன்னிரண்டு ஐந்து வரை அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு என் தங்கையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாங்களும் எழச் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆறுக்கு எழுந்தாள். "பசிக்குது" என்றாள்.

மீதி இருந்தது பதின்மூன்று நாள். ஓர் அட்டையில் தங்கையின் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஐந்து எழுத்து. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது கண் வார்டு துணியில இருக்குமே" என்று முதல் எழுத்தில் விரல் வைத்தாள். "இது எலும்பு வார்டு. கடைசியில இருக்கிறது பிரசவ வார்டு. நடுவுல ரெண்டுதான் தெரியாது."

நான் திகைத்துப்போனேன். பதினான்கு வருடமாக விரிப்பின் ஓரத்தில் வார்டுக்கு ஒன்றாக நூலால் தைத்த அடையாள எழுத்தைப் பார்த்துத்தான் அவள் துணியைப் பிரித்து அடுக்கியிருக்கிறாள். அது எழுத்து என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் சின்ன வயதில் படிக்காமல் போனதற்கு நான் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு எதையும் சொல்வதில்லை.

மீதி இரண்டு எழுத்தை அவள் பேனாவால் பழகவில்லை. ஊசியும் சிவப்பு நூலும் எடுத்து ஒரு பழைய துணியில் தைத்துத் தைத்துப் பழகினாள். குருவியும் பக்கத்தில் உட்கார்ந்து தன் பெயரைத் தைத்தாள். "இந்த ஊசின்னா எனக்குப் பயமே இல்ல பாரு" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

வேலைக்குத் திரும்பிய காலை, வாசல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். புதுப் பதிவேடு. பக்கத்தில் மைப்பெட்டி இல்லை, பேனா இருந்தது. என் தங்கை குனிந்து தன் கட்டத்தில் ஐந்து எழுத்தையும் எழுதினாள். நான்காவது எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. கீழே குருவியின் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். விசில் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பது நிமிடம் கழித்துக் குருவி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள்.

"சீக்கிரம் வாடி. உன் கட்டத்தைப் பார்த்தா என் விரல் அரிக்குது" என்று பேனாவை அவளிடம் நீட்டினாள்.

என் தங்கை முதன்முதலில் கையெழுத்துப் போட்டது 2021 ஜூன் 16, புதன்கிழமை.