கதவுக்கு வெளியே மூன்று நிமிடம்

யுத்த காலம். என் மகளுக்குப் பதின்மூன்று மாதம். வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த சிநேகிதி குழந்தை உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கு முன் ஒத்திகை பார்க்க ஒரு பிள்ளை தேவை என்று எங்களைக் கொட்டாஞ்சேனைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு மண்டபத்தின் பின்னறையில் பாய் விரித்து விளையாட்டுச் சாமான்கள் பரப்பியிருந்தன. முன்பின் அறியாத ஒரு பெண் உள்ளே வருவாள். நான் வெளியே போய் மூன்று நிமிடத்தில் திரும்ப வேண்டும்.

"அழுதா பெயிலா?" என்று கேட்டேன்.

"இல்லையடி. நீ திரும்பி வரேக்க என்ன செய்யிறாள் எண்டதுதான் முக்கியம்."

கதவைச் சாத்தியதும் மகள் வீரிட்டாள். வெளியே போனவர் வீடு திரும்பும்வரை யாருக்கும் நெஞ்சு ஆறாத நாட்கள் அவை. இரண்டு தரம் கைப்பிடியில் கைவைத்து எடுத்தேன்.

நேரம் முடிந்து உள்ளே போனதும் தத்தித் தத்தி ஓடிவந்து கைகளை நீட்டினாள். தூக்கினேன். கழுத்தில் முகம் புதைத்து இரண்டு விம்மல். பிறகு கால்களை உதறி இறங்கி, சிவப்பு பஸ்ஸை உருட்டப் போய்விட்டாள்.

திரைக்குப் பின்னால் நின்று குறிப்பெடுத்த சிநேகிதி வெளியே வந்தாள். "சில பிள்ளையள் தாய் வந்தாலும் திரும்பிப் பாக்காதுகள். சிலது தூக்கினாலும் ஆறாமல் உதைக்குங்கள். இவள் உன்னட்டை வந்து ஆறிப்போட்டு விளையாடப் போட்டாள். இதைத்தான் பாதுகாப்பான பற்று எண்டுறது."

"அப்ப பாஸ்."

"பாஸ் பெயில் இல்லையெண்டு எத்தினை தரமடி சொல்லுறது?"

எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கால் தரையில் படவில்லை. திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், ஏன் சிரிக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். மகள் சோதனையில் பாஸ் என்றேன். இடுப்பில் இருந்தவளைப் பார்த்துவிட்டு, "எத்தனையாம் வகுப்பு?" என்றான். எனக்குச் சிரிப்பு இன்னும் பொங்கியது. அவனும் உதட்டைக் கடித்துக்கொண்டு அட்டையை நீட்டினான்.

கதையைக் கேட்ட கணவர் தானும் வாசலுக்கு வெளியே போய் நின்று பார்த்தார். மகள் தேநீரில் நனைத்த பாண் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"தேடினவளோ?" என்றார் உள்ளே வந்து.

"இல்லையப்பா."

அவர் முகம் வாடிப்போனது. மகளோ ஈரப் பாண் துண்டை அவர் வாயில் திணித்தாள். முழுதையும் சாப்பிட்டார்.