காலியாக விட வேண்டிய கட்டங்கள்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை எழுதியது நண்டுக் கணக்கு மட்டும்தான். அதையும் தப்பாக எழுதினேன்.

எங்கள் வீடு நெட்டுக்குப்பத்தில். எண்ணூர் ஆற்றில் நண்டு வலை போடுவது என் தொழில். மகள் விலங்கியல் படித்தாள், பிறகு கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதவும் கற்றாள். வெளியூர்க் கல்லூரி ஒன்று தன் உயிரியல் மாணவர்களுக்கு அதை ஆன்லைனில் சொல்லித்தர அவளை ஒரு பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டது. கடைசி வகுப்பில் துறைத்தலைவர் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால்தான் அடுத்த பருவமும் வேலை.

வீடு ஒரே அறை. நடுவில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருந்தோம். அந்தப் பக்கம் வகுப்பு, இந்தப் பக்கம் அடுப்பும் வலையும் நானும். மனைவி மீன் விற்கப் போய்விடுவாள். வகுப்பு நேரத்தில் குக்கர் வைக்கக் கூடாது. மாணவர்களில் யாராவது மைக்கை அணைக்க மறந்தால் அவர்கள் வீட்டுச் சண்டை எங்கள் வீட்டில் கேட்கும். மீனை அறுத்துப் பார்க்கக் கூசாதவர்கள் ஒரு கமாவுக்குப் பயப்படுகிறார்களே என்று மகள் கேலி செய்வாள். புத்தகத்தில் இருந்த எண்கள் அவர்களுக்கு ஒட்டவில்லை. அதனால் என்னிடம் கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்து, தினமும் எத்தனை நண்டு கிடைத்தது என்று எழுதச் சொன்னாள்.

"ஒரு கட்டத்தையும் காலியா வுட்டுடாத நைனா. அப்பால புரோகிராம் பாதியில நின்னுக்கும்," என்றாள்.

நானும் விடவில்லை. தொழிலுக்குப் போகாத நாளில் சுழி போட்டேன். எங்கள் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கும்வரை யாரும் ஆற்றில் இறங்க மாட்டோம். அந்த நாட்களுக்கும் சுழி. நண்டு வரவில்லை, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

கடைசி வகுப்பில் ஒரு மாணவி, தான் எழுதிய புரோகிராம் போட்டுக் கொடுத்த, கோடு ஏறி இறங்கும் படத்தைக் காட்டிப் பேசினாள். நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்த நண்டு சில நாட்களில் அடியோடு காணாமல் போகிறது, ஏதாவது ஆலையிலிருந்து சூடான தண்ணீர் வந்திருக்கலாம் என்றாள். இதைக் கருத்தரங்குக்கு அனுப்பலாம் என்றார் துறைத்தலைவர். மகளின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மாணவி தேதிகளை வாசித்தாள். முதல் தேதி என் பெரியப்பா மகன் இறந்த நாள். மகளும் அந்தச் சாவுக்கு வந்திருந்தாள். எண்ணாகப் பார்த்தபோது அவளுக்கு அது தோன்றவில்லை.

ஆலைகளால் ஆற்றில் நண்டு குறைந்ததற்கு ஒரு சாட்சி கிடைத்தால் எங்கள் குப்பத்துக்கு நல்லதுதான். பேசாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். கல்யாண வீட்டில்கூட ஓரமாகச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறவன் நான். ஆனால் இது பொய் என்று நாளை யாராவது கண்டுபிடித்தால் என் மகளைத்தான் குறை சொல்வார்கள். புடவையை விலக்கினேன். அவள் என்னைத் திரைக்குப் பின்னால் போகும்படி கையைக் காட்டினாள்.

"அந்த நாள்லாம் நான் தொழிலுக்கே போவலம்மா," என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு துறைத்தலைவர், எல்லாச் சுழியும் அப்படித்தானா என்று கேட்டார். இல்லை, சில நாள் போயும் வெறும் வலைதான் வந்தது என்றேன். எது எது என்று சொல்லச் சொன்னார்கள். நோட்டை எடுத்து வந்து சொன்னேன். சாவு. காய்ச்சல். போனேன், கிடைக்கவில்லை. வலை கிழிந்தது. ஒரு வியாழக்கிழமையில் வந்து நின்றுவிட்டேன்.

"இது இன்னாத்துக்கு நைனா?" என்றாள் மகள்.

"வூட்லதான் இருந்தேன். நீ பாடம் நடத்தறத கேட்டுகினு."

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். "அங்கிள், அப்ப எங்களுக்கு முன்னாடி நீங்கதான் பாஸாயிடுவீங்க," என்றான் ஒருவன். மகள் சிரிக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விடாதே என்று சொன்னது தான்தான், தப்பு தன்னுடையது என்று வகுப்பிடம் சொன்னாள். போகாத நாளையும் போய்க் கிடைக்காத நாளையும் புரோகிராமுக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது என்று அங்கேயே ஆரம்பித்தாள். வகுப்பு நேரம் தாண்டியும் நடந்தது. புரோகிராமை மறுபடி ஓட்டியபோது படத்தில் அந்தப் பள்ளங்கள் பெரும்பாலும் இல்லை. கருத்தரங்குப் பேச்சும் அதோடு போயிற்று.

அன்று ராத்திரி அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து மெயில் வந்தது. அடுத்த பருவமும் அவளே எடுக்கலாம், அந்த நோட்டையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "ஒவ்வொரு சுழிக்கும் இன்னா காரணம்னு எழுதிக் குடு நைனா. புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும்," என்றாள்.

கை கூசி இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். காரணம் எழுத உட்கார்ந்து இவ்வளவு எழுதிவிட்டேன். இன்று பக்கத்துத் தெருவில் ஒரு சாவு, தொழில் இல்லை. நோட்டில் இன்றைய கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஐப்பசி பதினேழு, செவ்வாய்க்கிழமை.