கணக்கில் தூர்ந்த கிணறு

எங்கள் கிணறு தூர்ந்துபோய்விட்டது என்று சர்க்கார் கணக்கில் இருந்த காலத்தில், அதில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் கிடந்தது. நான் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தம் மேலே வரும்வரை குனிந்து நின்று அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆகையால் தண்ணீர் இருந்ததற்கு நானே சாட்சி. எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும்.

திருச்செங்கோட்டிலிருந்து கிழக்கே வண்டிப்பாதையில் வந்தால் எங்கள் ஊர். ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை, அதன் நடுவிலேயே கிணறு. வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். ஆண் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அப்பா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊரார் சொல்லிக்கொண்டே இருந்ததால் அவர் சொல்ல வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

அது நெல் விலை விழுந்து கிடந்த காலம். வெள்ளைக்காரன் போட்ட தீர்வை மட்டும் விழவில்லை. நஞ்சைக்கு, ஏரித் தண்ணீர் பாய்கிறது என்பதால், புஞ்சையைவிடத் தீர்வை மிகவும் ஜாஸ்தி. ஏரி நிரம்பாமல் பயிர் முழுக்கக் காய்ந்து சாவியாகிவிட்டால் அந்த வருஷத்துத் தீர்வையைத் தள்ளிவிடுவார்கள். அதற்கு வஜா என்று பெயர். பாதிப் பயிர் பிழைத்தாலும் வஜா கிடையாது, முழுத் தீர்வையையும் கட்டியாக வேண்டும். வயலைப் பார்த்து, சாவியா விளைச்சலா என்று அடங்கல் கணக்கில் எழுதுகிறவர் ஊர்க் கணக்குப்பிள்ளை. அவர் எழுதியதைச் சரிபார்க்க வருஷத்துக்கு ஒருமுறை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருவார்.

முதல் வருஷம் பொய்யே இல்லை. ஏரி வறண்டது, கிணறும் வறண்டது, பயிர் காய்ந்து சருகானது. கணக்குப்பிள்ளை வந்து பார்த்து, பயிர் சாவி என்றும், கிணறு தூர்ந்தது, பாசனத்துக்கு உதவாது என்றும் உள்ளபடி எழுதிக்கொண்டு போனார். வஜா கிடைத்தது.

மறு வருஷமும் ஏரி நிரம்பவில்லை. ஆனால் அப்பா கிணற்றில் இறங்கித் தூர் வாரியிருந்தார், ஊற்றுக் கண் திறந்துகொண்டது. தோல் சாலில் வடம் கட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்தே நெல்லைக் காப்பாற்றிவிட்டார். அக்கம்பக்கத்து வயலெல்லாம் காய்ந்து கிடக்க, எங்களுடையது மட்டும் பச்சை. இதற்கு முழுத் தீர்வை கட்டினால் நெல் விற்ற காசு அதற்கே சரியாகிவிடும் என்று அப்பா கணக்குப்பிள்ளையிடம் போய் நின்றார். கணக்குப்பிள்ளை கெட்டவர் அல்ல. எங்கள் தோட்டத்துக் கத்தரிக்காயும் கருணைக்கிழங்கும் அவர் வீட்டுக்கு அடிக்கடி போகும், அவ்வளவுதான்.

"கிணறு தூர்ந்ததுன்னு ஏற்கெனவே எழுதியிருக்கு. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும். பாதையோரத்து வயல் ரெண்டுக்கு மட்டும் தண்ணி விடாம காயப் போடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாராம்.

அப்படியே நடந்தது. பாதையோரத்து வயல்கள் இரண்டும் அதிகாரிக்காகவே காய்ந்தன. உள்ளே இருந்த பச்சையைச் சோளக்கொல்லை மறைத்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் கவலை இறைக்கும் சத்தம் கேட்கக் கூடாது என்று அப்பா மாடுகளை ஓட்டிக்கொண்டு கரட்டு மேட்டுக்குப் போய்விட்டார். தோல் சாலையும் வடத்தையும் அம்மாவும் அக்காவும் வைக்கோல்போருக்குள் செருகி மறைத்தார்கள். கணக்குப்பிள்ளை குடை பிடித்து முன்னால் நடந்து, சருகான வயலைக் காட்டி, அப்பாலும் இப்படித்தான் என்று கையை வீசினார். இன்ஸ்பெக்டருக்கு வெயில் தாங்கவில்லை. இளநீர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அது கண்ணாமூச்சி ஆட்டம்போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடுத்த வருஷம் அவர் எப்போது வருவார் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வருஷமும் வந்தார். அப்போதும் கிணறு தூர்ந்தே கிடந்தது, தண்ணீரோடு. கட்டாமல் மிஞ்சிய தீர்வைப் பணத்தில் அக்காவுக்கு ஒரு அட்டிகை வந்தது. பொய் சொல்லிச் சேர்த்தாலும் பிள்ளைக்காகத்தானே சேர்த்தார் என்று இன்றும் எனக்கு அப்பாவின்மேல் கோபம் முழுசாக வருவதில்லை.

அதற்கடுத்த வருஷம் நல்ல மழை. அந்தத் தை மாதம் அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல இடம். மாப்பிள்ளையை அக்கா அந்த வருஷத்து வைகாசித் தேரில், திருச்செங்கோட்டில் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். சொந்தக்காரப் பெண் ஒருத்தி காட்டிக்கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அக்கா காரணமில்லாமல் சிரிப்பதும், என் தலையை ஒருமுறைக்கு இரண்டுமுறை பின்னிவிடுவதுமாக இருந்தாள். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் என்றால் அக்கா ஊரைவிட்டுப் போய்விடுவாள் என்பது மட்டும் தெரியும். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா அதிகம் பேசாதவர். காலையில் வயலைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் பச்சையாக இருந்தது. அவருக்குத் திருப்தி என்று எல்லோரும் நினைத்தோம். அம்மா கச்சாயப் பலகாரம் சுட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் பெண் எடுத்தால் நாளைக்கு அந்த நிலம் மாப்பிள்ளை கைக்கு வரும். அதனால் வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால் பிள்ளை வீட்டார் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு ஒரு நடை போய், பட்டா யார் பேரில் இருக்கிறது, தீர்வை எவ்வளவு, விளைச்சல் எப்படி என்று பார்த்துவிடுவார்கள். பெண் வீட்டாருக்கு அதில் வருத்தம் இருக்காது. அப்பாவுக்கு அன்று அது எப்படி மறந்துபோயிற்று என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாகச் சர்க்காரை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததில், அந்தக் கணக்கை வேறு யாராவது படிக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

நான் அப்போது கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் அவர் மகளோடு சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தேன். அப்பாவும் பிள்ளை வீட்டாரும் வந்து உட்கார்ந்தார்கள். கணக்குப்பிள்ளை அடங்கல் தாலுகாவுக்குப் போயிருக்கிறது என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். போன வாரம்தான் வந்துவிட்டதே என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சத்தம் போட்டாள். பிள்ளை வீட்டாரோடு அவர்கள் ஊர் வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். அவர் கணக்கை வாங்கி, போன வருஷத்து வரியில் விரலை வைத்து உரக்கப் படித்தார். பயிர் சாவி, கிணறு தூர்ந்தது. முந்தின வருஷம், பயிர் சாவி, கிணறு தூர்ந்தது. அதற்கும் முந்தினது, அதுவே.

மாப்பிள்ளையின் அப்பா எங்கள் அப்பாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "ஏனுங்க, காத்தால பச்சையாப் பாத்தமே, அது என்னங்க?" என்றார்.

அப்பா கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை தரையைப் பார்த்தார். கிணறு நன்றாக இருக்கிறது என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம் நிச்சயம். ஆனால் அந்த வார்த்தை வெளியே போனால் கணக்குப்பிள்ளைக்கு வேலை போகும். எங்கள் இரண்டு வருஷத் தீர்வையும் அபராதத்தோடு திரும்பி வரும். அதோடு நிற்காது, நிஜமாகவே பயிர் காய்ந்தவர்களின் வஜாவையும் கிளறுவார்கள்.

"இந்த வருசம் மழைங்க. மழையில வந்ததுங்க" என்றார் அப்பா.

"அப்பக் கெணறு?"

"அது தூந்துதான் கெடக்குதுங்க."

எனக்குத் தாங்கவில்லை. எங்கள் கிணற்றை இப்படிச் சொல்கிறாரே என்று கல்லைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய், "இல்லீங்க, எங்க கெணத்துல தண்ணி நெறைய இருக்குதுங்க! நேத்துக்கூட அப்பா எறைச்சாருங்க!" என்றேன்.

அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அன்று அடித்தார். கன்னத்தில் விழுந்த அடியைவிட, அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு நினைவிருக்கிறது. "சின்னப் புள்ளைங்க, வெளையாட்டுக்குச் சொல்லுது. அதுல தண்ணி இல்லீங்க" என்றார்.

வாத்தியார், "இதுக்கு எதுக்குங்க பேச்சு, ஒரு நடை போயிக் கெணத்த எட்டிப் பாத்துட்டா ஆச்சு" என்று எழுந்தார். மாப்பிள்ளையின் அப்பா அவரைக் கையமர்த்தினார்.

"வேண்டாமுங்க. தண்ணி இருந்துதுன்னா இவரு சர்க்காருக்குப் பொய் சொன்னவரு. இல்லீன்னா நம்மளைப் பச்சையக் காட்டி ஏமாத்தப் பாத்தவரு. இதுல எதுன்னு நாம எதுக்கு எட்டிப் பாக்கோணும்?" என்றார். அதில் கோபம்கூட இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேனுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

வண்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனபோது அம்மா வாசலில் சொம்போடு நின்றிருந்தாள். விஷயம் தெரிந்ததும், "சர்க்கார ஏமாத்தறேன்னு எம்புள்ளைய ஏமாத்திப்போட்டீங்களே சாமி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெயை இறக்கி வைத்துவிட்டு, என் கன்னத்தைப் பார்த்தாள். மஞ்சளை இழைத்துத் தடவிவிட்டாள். அக்கா இனி ஊரைவிட்டுப் போகமாட்டாள் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கச்சாயத்தையெல்லாம் நானே தின்றேன்.

அப்பா அதன் பிறகு கணக்குப்பிள்ளையிடம் நடையாய் நடந்தார். கிணற்றை நல்ல கிணறு என்று மாற்றி எழுதச் சொல்லிக் கேட்டார். "திடீர்னு நல்லாயிடுச்சுன்னு எழுதினா, எப்போ நல்லாச்சுன்னு கேட்பாங்க. அப்புறம் பழைய வருஷத்துக்கெல்லாம் யார் பதில் சொல்றது? கொஞ்ச காலம் போகட்டும்" என்றார் அவர். கொஞ்ச காலம் போய்க்கொண்டே இருந்தது. இதற்குள் விஷயம் நாலு ஊருக்குப் பரவிவிட்டது. ஒரு ஊரில் கிணறு இல்லாத வீடு என்றார்கள், இன்னொரு ஊரில் பொய்க்கணக்கு வீடு என்றார்கள். எப்படிச் சொன்னாலும் ஒருவரும் வரவில்லை. அக்கா என் தலையைப் பின்னும்போது பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் ஒரு இடம் வந்தது. சேலத்தைத் தாண்டி, அயோத்தியாப்பட்டணத்துக்கும் அப்பால். அவர்கள் பேச்சே வேறு மாதிரி இருந்தது, இழுத்து இழுத்துப் பேசினார்கள். மாப்பிள்ளைக்குத் தலை நரைத்திருந்தது. ஏற்கெனவே இரண்டு தாரம் கட்டி இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள் என்று தரகர் சொன்னார். வந்தவர்கள் வயலைப் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போவதாக அப்பாவே சொன்னார். மாப்பிள்ளை சிரித்தார்.

"அதெல்லாம் எதுக்குங்க? நாங்க பொண்ணைத்தான் பார்க்க வந்தோம். கணக்கையா கட்டிக்கப் போறோம்?" என்றார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இரண்டு பேரும் எப்படிச் செத்தார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தபோது அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். நாம் கேட்டால் அவர்களும் கேட்பார்களே. உள்ளே அக்கா தண்ணீர்ச் சொம்பைக் கையில் பிடித்தபடி, யாராவது கேட்கமாட்டார்களா என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. எங்களிடம் எதையுமே கேட்காத அந்த மனிதர்களை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வண்டி ஏறும்போது மாப்பிள்ளை எனக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்தார். இந்த மாமா ரொம்ப நல்லவர் என்று அன்று முழுவதும் அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.